மேட்டுக் காற்றில் மோட்டார் இல்லாத கிளைடர்: டர்பனில் என்னைக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் பழைய சாலையில் போத்தாஸ் ஹில் தாண்டும்போது, வலப்பக்கம் நிலம் திடீரென்று விழுந்துவிடும். கீழே உம்ங்கேனி ஆறு ஓடும் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு. அந்த விளிம்பை ஒட்டிய ஒரு புல்மேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர், தரையில் நின்று ரேடியோவால் இயக்கும் மாடல் கிளைடர் விடுகிறோம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர்கள் இருவர், என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் மற்றவர்கள். பிக்னிக் வருபவர்கள், கல்யாணத்துக்குப் போகிற வழியில் பட்டுச்சேலையோடு இறங்கி வேடிக்கை பார்ப்பவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்திருக்கிறேன்.

அண்ணா, மோட்டாரும் இல்ல, கயிறும் இல்ல. எப்படி மேலயே நிக்குது?

நிற்கவில்லை, விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தக் கிளைடரும் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்குள் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டேதான் இருக்கும். நம்முடையது மாதிரி சின்ன கிளைடர் நொடிக்கு முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ இறங்கும். ஆனால் அந்தக் காற்றே மேலே போய்க்கொண்டிருந்தால்? பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்றுக்கு எதிரே மேடு நிற்கிறது. ஊடுருவிப் போக முடியாது, ஏறித்தான் போக வேண்டும். அந்த ஏறுகாற்றில் இறங்குவதால் நம் கண்ணுக்கு ஏறுவதாகத் தெரிகிறது. மேலே வரும் எஸ்கலேட்டரில் ஒருவர் மெதுவாகக் கீழே நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேண்டுமென்றால்: காற்று நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் வந்து 30 பாகைச் சரிவில் ஏறினால், மேல்நோக்கிய பங்கு நொடிக்கு 4 மீட்டர் வரை வரும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, பாதி கிடைத்தாலே தாராளம். கிளைடர் இழப்பது ஒன்று, காற்று கொடுப்பது இரண்டு. மிச்சம்தான் உயரம்.

அப்போ இது பெரிய பட்டம்தானே?

இல்லை. பட்டத்தைக் கயிறு இழுத்துப் பிடிப்பதால் அது காற்றை எதிர்த்து நிற்கிறது. கயிறு அறுந்தால் பட்டம் காற்றோடு போய்விடும். கிளைடரைப் பிடிக்க யாரும் இல்லை. அதன் எடைதான் அதை முன்னால் இழுக்கிறது. அதனால்தான் எடை விஷயத்தில் நாங்கள் இத்தனை அலட்டிக்கொள்கிறோம். கீழே அதற்கென்று தனிக் கேள்வியே இருக்கிறது.

எவ்வளவு காத்து வேணும்? இன்னைக்கு நல்லாத்தானே அடிக்குது?

கார் நிறுத்துமிடத்தில் அடிக்கும் காற்றை வைத்துச் சொல்ல முடியாது, விளிம்புக்கு வந்து நில்லுங்கள். இலைகள் விடாமல் அசைந்தால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. இருக்கும். லேசான கிளைடர்களுக்கு அது போதும். சிறு கிளைகளும் ஆடி, தூசியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. கற்றுக்கொள்ள வருபவருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 30ஐத் தாண்டிவிட்டது, புதியவர் அன்று வேடிக்கை பார்க்கலாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கும், கற்றுக்கொள்ளும் பையனின் கிளைடர் பின்பக்கத்து மரத்தில்தான் போய் உட்காரும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நாலு மடங்காகும். 20க்கும் 40க்கும் இடையில் இருப்பது ‘கொஞ்சம் கூடுதல்' இல்லை என்பதைப் பலரும் ஒரு இறக்கையை உடைத்த பிறகே நம்புகிறார்கள்.

காத்து எந்தப் பக்கம் இருந்து வந்தா என்ன, காத்து காத்துதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேட்டின் முகத்துக்கு நேராக வரும் காற்றுதான் முழுதாக ஏறும். 45 பாகை சாய்ந்து வந்தால் பத்தில் ஏழு பங்குதான் உபயோகம், மிச்சம் மேட்டோரமாக நழுவிப் போய்விடும். பின்பக்கத்திலிருந்து வந்தால் ஏற்றமே இல்லை, விளிம்புக்கு அப்பால் கீழே அமுக்கும்.

நம் ஊரில் திசைக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. கடலையும் விதைக்கும் பருவத்தையும் நம்பியவர்களுக்கு அது தேவைப்பட்டது. டர்பனில் எங்களுக்கு இரண்டு பெயர் போதும். வெயில் நாட்களில் கடலிலிருந்து வரும் வடகிழக்கு, குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பான குளிர்முகப்பு கடந்ததும் திடுமென்று வரும் தென்மேற்கு. எங்கள் மேட்டின் முகம் வடகிழக்கைப் பார்த்தது. தென்மேற்கு அடிக்கும் நாளில் அங்கே போவதே வீண். அதற்கு எதிர்முகமாக இன்னொரு மேடு வைத்திருக்கிறோம், கரும்புக் காட்டை ஒட்டி. அறுவடைக் காலத்தில் அங்கே கரும்பு எரிக்கும் புகை, எந்த வானிலைச் செயலியையும்விடச் சரியாகக் காற்றைக் காட்டும். வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் கரி விழுந்திருந்தால் எந்தப் பக்கத்துக் காற்று என்று கரும்பு ஊரான டோங்காட்டின் அக்காமார்களே சொல்லிவிடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. இங்கே நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். வடகிழக்கு முகத்து மேட்டில் நின்றால் காலை முழுக்கக் கண்ணுக்கு நேரே வெயில். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வந்து, சூரியனுக்குள் நுழைந்த கிளைடரைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

முதல்ல எந்த கிளைடர் வாங்கலாம்? அந்த வெள்ளை நீளமானது அழகா இருக்கே?

அந்த வெள்ளை நீளமானது கண்ணாடியிழையும் கார்பனும் கலந்தது, மூன்று மீட்டர் இறக்கை. முதல் நாளே அதை விட்டால் முதல் நாளோடு முடிந்துவிடும். ஈபிபி நுரையில் செய்த, வால் இல்லாத பறக்கும் இறக்கையை வாங்குங்கள். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 1.2 மீட்டர், எடை அரை கிலோவிலிருந்து எழுநூறு கிராம், இறக்கை மடல்களை அசைக்கும் சர்வோ இரண்டே இரண்டு. 1990களின் கடைசியில் ஸாகி என்ற பெயரில் வந்த இறக்கைதான் இந்த வகையை ஊர் ஊராகப் பரப்பியது. இன்று அதே வடிவில் பல பேர் செய்கிறார்கள்.

அழகில்லைதான். எங்கள் பையன் ஒருவன் அதற்கு ‘பரோட்டா' என்று பெயர் வைத்திருக்கிறான், அடிக்க அடிக்க நன்றாக வருகிறதாம். ஒரு நாளைக்கு இருபது முறை தரையில் மோதினாலும் உதறிவிட்டு மறுபடி எறியலாம்.

தெர்மோகோல்தானே, நானே வெட்டி ஒட்டிக்கலாம் இல்லையா?

வெட்டலாம், ஆனால் தெர்மோகோலும் ஈபிபியும் ஒன்றில்லை. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், வளைத்தால் படக்கென்று ஒடியும். ஈபிபி அமுங்கிவிட்டுத் திரும்ப எழும்பும். கார் பம்பருக்குள் வைக்கும் நுரை அதுதான்.

தெர்மோகோலில் செய்வதென்றால் மேலே நார் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, அதற்கு மேல் வண்ண டேப் சுற்றுங்கள். சாதாரண சூப்பர் குளூ மட்டும் வேண்டாம். அது தெர்மோகோலைக் கரைத்துக் குழி பறித்துவிடும். நுரைக்கென்றே விற்கும் பசையோ, ஐந்து நிமிட எப்பாக்ஸியோ நல்லது.

வாங்கின பெட்டியில இருந்து எடுத்து அப்படியே விட்டுடலாமா?

கூடாது. முதலில் எடை மையம். கிளைடரை இரண்டு விரல் நுனியில் தாங்கினால் எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வால் வைத்த கிளைடரில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில், முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வால் இல்லாத இறக்கையில் இன்னும் முன்னால், சராசரி அகலத்தின் 15 முதல் 20 சதவீதத்துக்குள். செய்தவர் குறித்துக் கொடுத்த அளவிலேயே முதலில் நிறுத்துங்கள், தேவைப்பட்டால் மூக்கில் ஈயத்துண்டு வையுங்கள். ஐந்து மில்லிமீட்டர் பின்னால் போனாலும் பறக்கும் இறக்கை பித்துப்பிடித்த மாதிரி குதிக்கும்.

பழகிய ஒருவர் மேலே கொண்டுபோய் ஒரு சோதனை செய்வார். மூக்கை 45 பாகை கீழே சாய்த்து, கையை எடுத்துவிட்டுப் பார்ப்பார். வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்குக் கனம் அதிகம். மேலும் மேலும் கவிழ்ந்தால் வால் கனம், உடனே இறக்க வேண்டும். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் சரி.

சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்? கரண்ட் கட் ஆனா என்ன பண்றது?

மோட்டார் இல்லாததால் பேட்டரிக்கு வேலை குறைவு. ரிசீவரையும் இரண்டு சர்வோவையும் ஓட்டினால் போதும். மணிக்கு 300, 400 மில்லிஆம்ப் என்று கணக்கு வைத்து, பாதிக்கு மேல் தீர்வதற்குள் இறக்கிவிடுவோம். 2000 மில்லிஆம்ப்மணி உள்ள நாலு செல் நிக்கல் பேட்டரி ஒரு காலை முழுக்கத் தாங்கும். லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2022, 2023ல் எல்லோரும் கார் பேட்டரியில் சார்ஜ் செய்யப் பழகிக்கொண்டோம், இன்றும் அப்படியே.

சார்ஜைவிட முக்கியம், சிக்னல் போனால் கிளைடர் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்படி விட்டால் அது நேரே அடுத்த ஊருக்குப் போகும். லேசாக ஒரு பக்கம் வட்டமடிக்கும்படி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மண்ணை ஊடுருவாது, அதனால் மேட்டின் தோளுக்குப் பின்னால் கிளைடரை மறையவிடாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியைக் கிளைடரை நோக்கி நீட்டவும் கூடாது. நுனிப் பக்கம்தான் அலை மிகக் குறைவு.

யாராவது கத்துக்கொடுக்கணுமா, யூட்யூப் பார்த்தா போதாதா?

கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பத்து மணி நேரம் பழகிவிட்டு வருபவர் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கிறார். ஆனால் முதல் எறியை இன்னொருவர் எறியட்டும். உங்கள் இரண்டு கையும் டிரான்ஸ்மிட்டரில் இருக்க வேண்டும். எறிபவர் விளிம்பில் நின்று, இறக்கையைச் சமமாகப் பிடித்து, காற்றுக்கு நேராக, மூக்கு லேசாகக் கீழ்நோக்கித் தள்ளிவிடுவார். வானத்தை நோக்கி எறிந்தால் வேகம் செத்து அங்கேயே கவிழும்.

மேலே போனதும் ஒரே விதி: எந்தத் திருப்பமும் பள்ளத்தை நோக்கித்தான், மேட்டை நோக்கித் திரும்பவே கூடாது. மேட்டோரமாக இடமிருந்து வலம் போ, முனையில் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பு, வலமிருந்து இடம் வா. படுத்துக் கிடக்கும் எட்டு மாதிரி. மேட்டை நோக்கித் திரும்பினால் காற்று முதுகில் ஏறிக்கொள்ளும், தரையின் மேல் வேகம் இரட்டிக்கும், யோசிக்கும் முன் புல்லில் குத்தியிருக்கும்.

என் பக்கம் பார்த்து வரும்போது எனக்கு இடது வலது தலைகீழா ஆயிடுது. வயசானதாலயா?

வயதுக்குச் சம்பந்தமே இல்லை, பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் ஆகும். கிளைடர் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே டிரான்ஸ்மிட்டரின் குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பது மாதிரி. இடது வலது என்று யோசிக்கவே வேண்டாம். மேலே சொன்னபடி பள்ளத்தை நோக்கியே திரும்பிக்கொண்டிருந்தால் இந்தச் சிக்கல் இறக்கும்போது மட்டும்தான் வரும்.

இறக்குறது ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு? மேல போறது சுலபமா இருந்துச்சே?

மேலே அனுப்புவது காற்றின் வேலை, இறக்குவது உங்கள் வேலை. விளிம்பில் நன்றாக ஏறிய அதே காற்று, மேட்டைத் தாண்டியதும் கீழே மடங்கிச் சுருளும். ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர் பின்னால் சுழிக்கிறதே, அதுதான். அந்தச் சுழிக்குள் போன கிளைடரை யாரோ மேலிருந்து அறைந்த மாதிரி இருக்கும். விளிம்பு எவ்வளவு செங்குத்தோ, பின்னால் மரங்கள் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு மோசம்.

எங்கள் மேட்டில் விளிம்பிலிருந்து முப்பது நாற்பது தப்படி பின்னால் ஒரு புல்தரை இருக்கிறது. ஏற்றமும் குறைந்து, சுழியும் தொடங்காத பட்டை அது. பக்கவாட்டில் போய், அந்தப் பட்டைக்குச் சற்றுப் பின்னால், இரண்டாள் உயரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, காற்றை நோக்கித் திரும்புங்கள். எதிர்க்காற்றில் தரைமேல் வேகம் நடைவேகத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எல்லோர் விரலும் தானாகவே குச்சியைப் பின்னால் இழுக்கும். இழுத்தால் போச்சு. கிளைடர் திடீரென்று அமுங்கினால் மூக்கைக் கீழே தள்ளி வேகத்தைக் காப்பாற்றுங்கள். தரைக்கு முழங்கால் உயரம் வந்த பிறகு மெதுவாக நிமிர்த்துங்கள். உயரம் கூடிப்போனால் வெட்கப்படாமல் மறுபடி பள்ளத்துக்கு மேலே போய் வாருங்கள். பெட்ரோலா தீர்கிறது?

நுரை இறக்கைக்கு இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. மேட்டின் மேலே கொண்டுவராமல், விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே சரிவின் முகத்தில், காற்றை நோக்கி மூக்கைத் திருப்பி, நீளப்புல்லில் உட்கார வைத்துவிடலாம். சுழி என்ற பேச்சே இல்லை. நடந்து போய் எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். நான் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இறக்கினேன். இன்றும் காற்று முரட்டுத்தனமாக இருந்தால் அதுவே என் வழி.

நாலு பேர் ஒரே சமயத்துல விடுறீங்க, மோதிக்காதா?

மோதும், அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாய்விட்டுப் பேசிக்கொண்டே விடுகிறோம். ‘இறங்குறேன்', ‘எறியுறேன்', ‘கட்டுப்பாடு போச்சு' — இந்த மூன்றையும் கத்த வெட்கப்படுபவர் எங்களோடு பறக்க முடியாது. எதிரெதிரே வந்தால் பெரிய கிளைடர் ஓட்டிகளின் விதியேதான்: மேடு யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவர் தன் வழியில் போகலாம், மேடு இடப்பக்கம் உள்ளவர் வலது பக்கம் ஒதுங்கிப் பள்ளத்தின் மேல் போக வேண்டும். மேட்டை வலப்பக்கம் வைத்திருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை என்பதே காரணம். இறங்குபவருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும்.

இதுக்கு லைசென்ஸ், பர்மிஷன் எல்லாம் உண்டா?

நாட்டளவில் மாடல் விமானங்களைக் கவனிப்பது தென்னாப்பிரிக்க மாடல் விமானச் சங்கம். சாமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தென்னாப்பிரிக்க ஏரோ கிளப்பின் ஒரு பிரிவு அது. அதில் உறுப்பினராகிவிட்டு வாருங்கள். நம் கிளைடரால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் அதில் சேர்ந்து வரும். கேமரா ட்ரோன் சமாச்சாரம் வேறு, அதை எங்கள் மேட்டுக்குக் கொண்டு வராதீர்கள். விமான நிலையத்திலிருந்து பத்து கி.மீ.க்குள் நாங்கள் எதையும் எறிவதில்லை. லா மெர்சியில் கிங் ஷாக்கா விமான நிலையம் வந்த பிறகு வடகரை மேடுகளை யோசிக்கவே இல்லை.

காகிதத்தைவிட முக்கியமான அனுமதி ஒன்று உண்டு. பள்ளத்தாக்கில் பெரும்பாலான நிலம் ஜூலு மரபுத் தலைவர்களின் பொறுப்பில் உள்ளது. முதல் முறை போகும்போது அந்தப் பகுதியின் இந்துனாவை, அதாவது ஊர்த்தலைவரைப் பார்த்து, ‘சவுபோனா' என்று வணக்கம் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று கிளைடரையே காட்டிப் பேசினோம். அவர் கேட்டது இரண்டே இரண்டு: மாடு மேயும் பக்கம் விடக் கூடாது, வேலியைத் திறந்தால் மூட வேண்டும். இன்றுவரை மீறியதில்லை.

பள்ளத்துக்குள்ள விழுந்துட்டா எப்படி எடுப்பீங்க?

விழுந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, கிளைடர் மறைந்த புள்ளிக்கு நேரே தூரத்தில் தெரியும் ஒரு மரத்தையோ கூரையையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் தப்படி தள்ளி நிற்கும் நண்பரும் அவர் பார்த்த திசையைக் குறிக்கட்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில்தான் கிடக்கும். ஒருவர் மேலேயே நின்று கையால் வழிகாட்ட, இன்னொருவர் இறங்கலாம். கிட்டே போனதும் மேலே இருப்பவர் குச்சியை ஆட்டினால் சர்வோ முனகும் சத்தம் கேட்கும். சின்ன பஸர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கரும்புக் காட்டில் பஸர் இல்லாமல் தேடுவது கோயில் தேர்க்கூட்டத்தில் கழன்ற தோட்டுத் திருகைத் தேடுகிற கதை.

பூட்ஸ், நீளக் கால்சட்டை, கையில் கம்பு மூன்றும் கட்டாயம். மாம்பாப் பாம்பு பெரும்பாலும் நம் காலடி அதிர்வுக்கே விலகிப் போய்விடும். பஃப் அடர் என்ற தடித்த விரியன்தான் ஆபத்து, அது நகராமல் அப்படியே கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி பாருங்கள். உண்ணிக்கடிக் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவர் எங்களிலேயே இருக்கிறார். பள்ளத்தாக்குப் பையன்கள் எடுத்து வந்து கொடுத்தால் சும்மா அனுப்பாதீர்கள். ஒரு சுற்று அவர்களும் குச்சியைப் பிடித்துப் பார்க்கட்டும், காசைவிட அதைத்தான் கேட்கிறார்கள்.

பருந்து வந்து தாக்காதா?

ஆகஸ்டில் வந்து மார்ச் வாக்கில் கிளம்பும் மஞ்சள் அலகுப் பருந்துகள் எங்களுக்கு நண்பர்கள். கிளைடருக்குப் பக்கத்திலேயே வந்து வாலைத் திருகித் திருகிப் பறக்கும். அவை எங்கே வட்டமடிக்கிறதோ அங்கே கிளைடரைக் கொண்டுபோனால் ஏற்றம் நிச்சயம். கழுகுகள் அப்படியில்லை, தம் எல்லைக்குள் வந்த எதையும் எதிரியாகப் பார்க்கும். பெரிய கழுகு ஒன்று மேலிருந்து சிறகை மடக்குவது தெரிந்தால் பேச்சே இல்லை, இறக்கிவிடுவோம். நுரைக்கு ஒட்டுப் போடலாம், அதன் சிறகுக்குப் போட முடியாது.

நல்லா பறந்துட்டு இருக்கும்போது காத்து திடீர்னு மாறுமா?

இங்கே மாறும், அதுவும் நிமிடங்களில். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு மலைகளிலிருந்து இறங்கி வரும் ‘பெர்க் காற்று' சூடாகவும் வறட்சியாகவும் வடமேற்கிலிருந்து அடிக்கும். மலையிறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதால் குளிர்காலத்திலேயே வியர்க்கும். அதற்குப் பின்னாலேயே குளிர்முகப்பு வந்து தென்மேற்காகத் திருப்பிவிடும். ஒரு ஆகஸ்ட் ஞாயிறு, கொஞ்சம் சாய்வாகத்தான் வருகிறது, பரவாயில்லை என்று என் இரண்டு மீட்டர் கிளைடரை எறிந்தேன். பத்து நிமிடத்தில் முகத்தில் அடித்த சூடு நின்றது. ஒரு கணம் அமைதி. அடுத்து கழுத்துக்குப் பின்னால் சில்லென்று காற்று. ஏற்றம் முழுக்க அமுக்கமாக மாறி, கிளைடர் பள்ளத்தாக்குக்குள் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மணி நேரம் தேடி ஒரு இறக்கை மட்டும் கிடைத்தது. அந்த அமைதிதான் எச்சரிக்கை. அப்போதே இறக்கியிருக்க வேண்டும்.

கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை. இடி காதில் விழுந்தால் எல்லோரும் காருக்குள். திறந்த மேட்டில் கார்பன் கிளைடரைக் கையில் பிடித்து நிற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

காத்து அதிகமா இருக்கும்போது கிளைடருக்குள்ள எடை வைக்கிறீங்களே, கனமானா விழாதா?

சறுக்கும் கோணம் மாறாது, வேகம் மட்டும் கூடும். எடையை 20 சதவீதம் கூட்டினால் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும், இரட்டித்தால் 40 சதவீதம். காற்று மணிக்கு 40 கி.மீ. அடிக்கும்போது 35ல் சறுக்கும் லேசான கிளைடர் பின்னோக்கித்தான் போகும். எடை ஏற்றினால் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகும். நூறு மீட்டர் தூரத்தைப் பத்து முறை கடக்கும் எஃப்3எஃப் சரிவுப் பந்தயத்தில் ஓட்டிகள் காற்றைப் பார்த்துப் பித்தளைக் கட்டிகளைக் கூட்டிக் குறைப்பது இதற்காகத்தான். எடையை மேலே சொன்ன எடை மையத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் மையமும் நகர்ந்துவிடும். இறங்கும் வேகமும் கூடும் என்பதை மறந்தால், இறக்குவது பற்றிய பதிலை இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கும்.

ஜோபர்க் பக்கம் போய் விட்டா அதே மாதிரி பறக்குமா?

ஜோகன்னஸ்பர்க்கின் உயரம் 1700 மீட்டர். காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதே கிளைடர் தாங்கி நிற்க 8 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். இறங்கும்போது ‘ஏன் இவ்வளவு வேகம்' என்று தோன்றும். அதே உயரவாக்கில் உள்ள வோல்க்ஸ்ரஸ்ட் பக்கத்துப் புல்மேடுகளுக்குப் போனால் முதல் இறக்கத்துக்குக் கூடுதல் இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ல ஒருத்தர் ரைட் சகோதரர்களுக்கு முன்னாடியே கிளைடர்ல பறந்தாராமே, உண்மையா?

கார்க்லூஃப் பக்கத்துக் குட்மன் ஹவுஸ்ஹோல்டைச் சொல்கிறீர்கள். 1870களில் ஒரு பெரிய பறவையின் அளவெடுத்துக் கிளைடர் செய்து மலையிலிருந்து பறந்தார் என்பது நேட்டால் பகுதியில் வழங்கும் கதை. அங்கே நினைவுக்கல்லும் உண்டு. அந்தக் காலத்து எழுத்துச் சான்று எதுவும் இல்லாததால் வரலாறு அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குக் கதை பிடிக்கும், சாட்சியாக நிற்க மாட்டேன்.

எழுத்தில் உள்ளது இது: 1911 அக்டோபர் 24ல் ஆர்வில் ரைட், அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டில் கடுங்காற்றில் மோட்டார் இல்லாமல் 9 நிமிடம் 45 நொடி நின்றார். கிட்டத்தட்ட பத்து வருடம் அதை யாரும் மிஞ்சவில்லை. நம் நுரை ‘பரோட்டா' ஒரு மணி நேரம் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

மோட்டாரே இல்லாம 800 கிலோமீட்டர் வேகம்னு வீடியோ பார்த்தேன். கிராபிக்ஸ்தானே?

கிராபிக்ஸ் இல்லை. கலிஃபோர்னியா மலைமுகடுகளில் 2021லேயே மணிக்கு 880 கி.மீ.யைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பறப்பது முகப்பில் இல்லை, முகட்டின் பின்பக்கத்தில். மேலே வேகமாக ஓடும் காற்று, கீழே முகட்டின் மறைவில் ஏறக்குறைய அசையாத காற்று. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய எல்லை. கிளைடர் அந்த எல்லையை வட்டமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் சேரும். கேப் டவுனுக்குத் தெற்கே கடலில் ஆல்பட்ராஸ் பறவை சிறகடிக்காமல் நாள்கணக்கில் பறப்பதும் இதே வித்தையால்தான். இயற்பியலாளர் ரேலே பிரபு 1883லேயே இதை எழுதிவிட்டார்.

எங்கள் மேட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், கூடாது. பின்பக்கத்தில்தான் கார்களும் குழந்தைகளும் பிரியாணிப் பாத்திரமும் இருக்கின்றன.

காத்தே வரலைன்னா என்ன பண்ணுவீங்க?

பன்னிரண்டு மணி வரை காத்திருப்போம். வெயில் ஏறி, பள்ளத்தாக்குப் பாறைகள் சூடானால் வெப்பக் காற்றுக் குமிழிகள் விளிம்புக்கு வரும். புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிர்வதுதான் அடையாளம். அந்த நேரம் பார்த்து மிக லேசான கிளைடரை எறிந்தால் நாலைந்து நிமிடம் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. அப்போது சாப்பாட்டு மூட்டையைப் பிரித்துவிடுவோம். போன ஞாயிறு அப்படித்தான். எல்லோரும் கை கழுவி, குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சாவ்வைப் பிய்க்க ஆரம்பித்ததும் வடகிழக்கு வந்தது. மசாலாக் கையோடு டிரான்ஸ்மிட்டரைத் தொடலாமா என்று ஒருவர் கேட்டார். துடைத்துவிட்டுத் தொடுங்கள். போன வருடம் சிந்திய குழம்பில் என் இடது குச்சி இன்னும் ஒட்டிக்கொள்கிறது.